கஜிதானி ஊதாத பாட்டு

டிரம்பெட்டின் வாய்முனையைக் கழற்றி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் கஜிதானி மைதானத்தின் படியேறுவார். பனிக்கட்டி ஆலையில் வேலை பார்க்கிற மனிதர் என்பதால் உலோகம் என்றாலே குளிர்ச்சி என்று அவருக்கு ஆகிவிட்டது. கோடையிலும் தன் டிரம்பெட்டை அவர் நம்புவதில்லை. உதட்டில் படுகிற அந்தச் சின்னக் கிண்ணம் உடம்புச் சூட்டுக்கு வந்தாக வேண்டும். அதுவரை இடது கை முறிந்ததுபோல விலாவோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். யார் வணக்கம் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார். புதிதாக வருகிறவர்கள், "பெரியவருக்குப் பக்கவாதமா?" என்று ரகசியமாக விசாரிப்பார்கள். பல வருடங்களாக யாராவது ஒருவர் விசாரித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மிசுஹாமா ஹெரன்ஸ் பேஸ்பால் அணியை ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தொப்பியில் இருக்கிற பறவையை வைத்துக் 'கொக்கு' என்பார்கள். கொக்கு பந்தடிக்கும்போது வலது பக்கப் பார்வையாளர் மேடையில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நின்று பாட வேண்டும். பாட்டை எடுத்துக் கொடுக்கிற கூட்டத்துக்குத் தலைவர் கஜிதானி. விடிவதற்கு முன்னால் மீன்சந்தைக்குப் பனிக்கட்டி வண்டி ஓட்டுவார், மதியத்துக்குப் பிறகு டிரம்பெட் ஊதுவார். இரண்டிலும் அவருக்குப் பேச வேண்டிய தேவை அதிகம் இல்லை. தலைமை ஏற்றுக்கொண்ட அன்று அவரைப் பேசச் சொன்னபோதுகூட, "மூச்சு இருக்கு, போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆட்ட நாளில் பிளம் ஊறுகாயைத் தொடமாட்டார். மனைவி யாசுயோ கட்டிக் கொடுக்கிற சோற்றுருண்டைக்குள் சால்மன் மீன் மட்டும்தான் இருக்கும்.

"புளிப்பு உதட்டைச் சுருக்கிடும்" என்பார்.

"உங்க மூஞ்சியே ஊறுகா தின்ன மூஞ்சிதானே தலைவரே, அது மேல ஏன் பழி போடுறீங்க?" என்பாள் மிசுயே. துறைமுகத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். பெரிய மத்தளம் அவள் பொறுப்பு. கையும் ஓங்கி இருக்கும், வாயும் ஓங்கி இருக்கும். தலைவரை இப்படிப் பேசுகிற உரிமை மேடையில் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. வீட்டில் அந்த உரிமை யாசுயோவுக்கு.

பேஸ்பாலுக்காக வாழ்நாளில் பாதியைக் கொடுத்த கஜிதானி, பேஸ்பாலை அதிகம் பார்த்ததில்லை. கூட்டத்தைப் பார்த்து நின்றுதான் ஊத வேண்டும். கொக்கு பந்தடிக்கிற நேரமெல்லாம் அவர் முதுகு ஆட்டத்தின் பக்கம் இருக்கும். நடந்ததை எல்லாம் எதிரே இருக்கிற முகங்களில்தான் படித்துக்கொள்வார். வாய்கள் ஒன்றாகத் திறந்தால் பந்து உயரப் போகிறது. கண்கள் இடமிருந்து வலமாக ஓடினால் யாரோ தளம் மாறுகிறான். பீர் ஊற்றுகிற பெண் பாதியில் நின்றுவிட்டால், பந்து வேலியைத் தாண்டப்போகிறது. இந்தப் படிப்பில் அவர் தவறியதே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

அடிக்க வருகிற ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் தனியாக ஒரு பாட்டு உண்டு. பெரும்பாலும் கஜிதானி கட்டியவைதான். ஒருவன் அணியில் சேர்ந்தவுடன் பாட்டு கிடைத்துவிடாது. அதுவரை அவனுக்குப் பொதுப்பாட்டுத்தான். கஜிதானி ஒரு பருவம் பார்ப்பார், பனிக்கட்டி வண்டியில் சீட்டியடித்துக்கொண்டே யோசிப்பார், ஒருநாள் மெட்டோடு வந்து நிற்பார். நிஷிவாகி பத்தொன்பது வயதில் வந்தபோது, முதல் அடியை அடித்துவிட்டு ஓடிய வேகத்தில் குப்புற விழுந்தான், எழுந்து மறுபடி ஓடினான். அவனுக்கு அமைந்த பாட்டு இது:

விழுந்தா என்ன, எழுந்து ஓடு,
துறைமுகக் காத்து உன் முதுகிலே,
நிஷிவாகி!

வேறு அணிக்குப் போகாமல் பதினைந்து ஆண்டுகள் இங்கேயே ஆடினான். அந்தப் பாட்டோடு வளர்ந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி வருகிறார்கள். ஓர் ஆட்டக்காரன் அணியை விட்டுப் போகிற நாளில், அவன் மைதானத்திலிருந்து மறைகிறவரை அவன் பாட்டை நிறுத்தாமல் ஊத வேண்டும் என்பது வலது மேடையின் வழக்கம். அதன் பிறகுதான் அந்த மெட்டு தூங்கப் போகும். தூங்கிய மெட்டைப் பின்னால் யாருக்காவது எடுத்துக் கொடுக்கலாம்.

போன வருடம் கொக்கு கடைசி இடத்துக்குப் போனது. கடைசிக்கு முந்தின இடத்தைக்கூட எட்டிப் பார்க்க முடியாத கடைசி இடம். மீன்சந்தையில் ஏலம் கூறுகிற ஓனுமா, பனிக்கட்டி வண்டியைக் கண்டாலே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். "என்ன தலைவரே, நம்ம கொக்கு இன்னும் ஒத்தக்கால்ல தவம் இருக்கா? மீன் வர்ற மாதிரி தெரியலையே!" சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். கஜிதானி பனிக்கட்டியைத் தேவைக்கு மேல் ஓங்கி இறக்குவார்.

செப்டம்பரில் ஒரு மாலை. ஜெயிக்கப் போகிறோம் என்று அபூர்வமாகத் தோன்றிய ஆட்டம் அது. நிஷிவாகியின் தலைக்கு நேர் மேலே ஒரு பந்து எழும்பி இறங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளையும் பிடிக்கிற பந்து. கையுறையில் விழுந்து வெளியே துள்ளியது. எதிரணி இரண்டு பேரை ஓடவிட்டு ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது. மேடையில் யாரோ தொப்பியைக் கழற்றி வீசினார்கள். அடுத்து நம் முறை, முதலில் அடிக்க வர வேண்டியவன் நிஷிவாகி.

"இவனுக்கு இன்னைக்குப் பாட்டு வேண்டாம்" என்றார் கஜிதானி.

மிசுயே கோலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "நிஜமாவா?"

"ஒரே ஒரு தடவை. சுருக்குன்னு உறைக்கட்டும்."

வீட்டுப் பிள்ளையைச் சாப்பாடு போடாமல் ஒருவேளை உட்கார வைப்பதுபோல என்றுதான் அவர் நினைத்தார். வெளியாளுக்கு யாராவது அப்படிச் செய்வார்களா? கோபித்துக்கொள்கிற உரிமை சொந்தத்துக்குத்தானே என்பது அவர் கணக்கு. மத்தளம் ஓய்ந்தது, டிரம்பெட்டுகள் தாழ்ந்தன. தலைவரைப் பார்த்து மேடை முழுவதும் வாயை மூடிக்கொண்டது. எதிரணிப் பெஞ்சில் ஒருவர் தும்மியது வலது மேடை வரைக்கும் கேட்டது. கஜிதானி வழக்கம்போலக் கூட்டத்தைப் பார்த்து நின்றிருந்தார். முன் வரிசையில் ஒரு பெண் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோல்வியைத் தாங்க முடியவில்லைபோல என்று படித்துக்கொண்டார். மூன்று பந்துகளில் நிஷிவாகி வெளியேறினான். அடுத்தவன் வந்ததும் பாட்டு மறுபடி எழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது யாசுயோ சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்காராமல் அடுப்படியிலேயே நின்றாள்.

"ஏங்க, அந்தப் பிள்ளை நின்னதைப் பாத்தீங்களா?"

"எங்க நின்னான்?"

"பந்தடிக்கிற சுண்ணாம்புக் கட்டத்துக்கு வெளியில. எப்பவும் உங்க பாட்டுல முதல் வரி முடிஞ்ச பிறகுதானே காலை உள்ள வைப்பான்? இன்னைக்கும் அப்படியே நின்னான். மட்டையைத் தோள்ல சாச்சுக்கிட்டு உங்க பக்கமே பாத்துக்கிட்டு நின்னான். நடுவர் கையைக் காட்டி 'உள்ள போ'ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் போனான். டிவில முகத்தைக் கிட்டக்க காட்டினாங்க. என்னால பாக்க முடியல, வேற சேனல் மாத்திட்டேன்."

கஜிதானிக்கு அது தெரியாது. பதினைந்து வருடங்களாக அவன் தன் பாட்டுக்குக் காத்திருந்துதான் கட்டத்துக்குள் காலெடுத்து வைத்தான் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்று, ஊதியவருக்கு மட்டும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் முதுகல்லவா பார்த்துக்கொண்டிருந்தது!

மறுநாளிலிருந்து நிஷிவாகியை ஆட்டத்தில் இறக்கவில்லை. இலையுதிர் காலத்தில் அவனை அணியிலிருந்து விடுவித்துவிட்டதாகச் செய்தித்தாளில் ஒற்றை வரி வந்தது. கடைசி இடத்து அணிக்குப் பிரிவுபசார ஆட்டம் நடத்துகிற உற்சாகம் இல்லை. ஆக, அந்த மௌனத்துக்குள் நடந்ததுதான் சொந்த மைதானத்தில் அவன் கடைசியாக அடிக்க வந்தது. பனிக்காலத் தொடக்கத்தில் கஜிதானி ஒரு பெட்டி நண்டைப் பனிக்கட்டியில் புதைத்து எடுத்துக்கொண்டு அவன் குடியிருந்த வீட்டுக்குப் போனார். மாமனார் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெட்டி திரும்பி வந்தது. யாசுயோ நண்டைக் காய்கறியோடு சட்டியில் கொதிக்கவைத்து நடுவில் வைத்தாள். கஜிதானி முட்டைக்கோசை மட்டும் பொறுக்கித் தின்றார்.

இந்த வருடம் செர்ரி பூத்தபோது ஆட்டங்கள் தொடங்கின. புதுப் பயிற்சியாளர், பாதிக்கு மேல் புது முகங்கள். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கொக்கு ஜெயிக்க ஆரம்பித்தது. முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு தைரியமாக. மே மாதத்தில் பட்டியலில் இரண்டாம் இடம். நிஷிவாகி நின்ற இடத்தில் ஹோசூமி என்று ஓர் இளைஞன் நிற்கிறான். பந்து அவன் கையுறையைத் தேடி வருவதுபோல இருக்கிறது. அடிக்கவும் அடிக்கிறான்.

ஓனுமா இப்போது இரண்டு காலிலும் நிற்கிறார். "எல்லாம் உங்களாலதான் தலைவரே! அன்னைக்கு நீங்க வாயை மூடினீங்க பாருங்க, அதுலதான் டீமுக்குக் கண்ணு திறந்துச்சு" என்று பெரிய விலாங்கு மீன் ஒன்றைத் தாளில் சுற்றி வண்டிக்குள் போடுகிறார். ஏதோ ஒரு விளையாட்டுப் பத்திரிகையும் 'வலது மேடையின் பாடம்' என்று எழுதிவிட்டது. தெரியாதவர்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தோற்றிருந்தால் திட்டியிருப்பார்கள், அது கஜிதானிக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஜெயிக்கிற வீட்டில் குற்றத்தைச் சொல்லி அழ இடம் கிடைப்பதில்லை. விலாங்கை வண்டியிலேயே மறந்துவிட்டு, மறுநாள் நாற்றம் வந்த பிறகு எடுத்து எறிந்தார்.

"ஹோசூமிக்குப் பாட்டு குடுக்கலாமே?" என்று மிசுயே ஏப்ரலிலேயே கேட்டாள். "பொதுப்பாட்டு போட்டுப் போட்டு எனக்கே அலுத்துப்போச்சு. புதுசா வரலைன்னா நிஷிவாகி பாட்டை எடுத்துக் குடுங்க. அதே இடத்துலதானே நிக்கிறான். கூட்டத்துக்கும் மெட்டு தெரியும்."

"அது இன்னும் தூங்கல."

"ஆளே போயாச்சு தலைவரே."

"ஆள் போயிட்டான். பாட்டை நான் எங்க அனுப்பி வெச்சேன்?" என்றார். மிசுயே மத்தளத்தின் கயிற்றை இறுக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு. எதிரணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. மேடை பாதி நிரம்பியிருந்தது. வறுத்த நூடுல்ஸ் வாசனையும் கடல் வாசனையும் மாறி மாறி வந்தன. மிசுயே படியில் இறங்கி ஓடி வந்தாள்.

"தலைவரே, அங்க பந்து போடுறது யாருன்னு பாருங்க."

வலைத்தடுப்புக்குப் பின்னாலிருந்து எதிரணிக்காரர்களுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தவன் நிஷிவாகி. ஆட்டக்காரனாக அல்ல. விடுவிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் தொழிலில் கிடைக்கிற வேலை அது. அடிப்பவன் கேட்கிற இடத்தில், அவன் கேட்கிற வேகத்தில், அடிப்பதற்கு வாகாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்காத மூன்று இலக்க எண் முதுகில் இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தான். ஒவ்வொரு பந்தையும் போட்டுவிட்டுத் தலையை வலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

கஜிதானி டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கி இறங்கினார்.

"எதிராளி பயிற்சி நேரம். வாத்தியம் எழுப்பக் கூடாதுன்னு நீங்கதானே எங்களைத் திட்டுவீங்க?" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"விடுய்யா, அவர் போகட்டும்" என்றாள் மிசுயே.

பயிற்சி முடிந்தது. சிதறிய பந்துகளைப் பொறுக்கிக்கொண்டே கூடையோடு நிஷிவாகி வலது வேலிப் பக்கம் வந்தான். நிமிர்ந்தவன் கஜிதானியைப் பார்த்தான். பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"தலைவரே! நல்லா இருக்கீங்களா? யாசுயோ அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. நீ... தோள் எப்படி இருக்கு தம்பி?"

"தினம் போடுறேன்ல, அதான் ராத்திரி ஐஸ் வெச்சுக்கிறேன். உங்க ஐஸ் மாதிரி இல்ல, சீக்கிரம் கரைஞ்சுடுது" என்று சிரித்தான். சிரிப்பு நல்ல சிரிப்பாகவே இருந்தது. பனிக்காலம் முழுக்க வண்டியில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் அந்தச் சிரிப்புக்குப் பொருந்தவில்லை. வாய்க்குப் பதிலாகக் கை டிரம்பெட்டைத் தூக்கியது.

நிஷிவாகியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் வேகமாக அசைத்தான்.

"வேண்டாம் தலைவரே. இங்க வேண்டாம். எங்க ஆளுங்க பாக்குறாங்க. நான் இப்பப் பந்து போடுறவன். போடுறவனுக்குப் பாட்டு கிடையாது, உங்களுக்குத் தெரியாததா?"

டிரம்பெட் இறங்கியது.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றான் நிஷிவாகி. "அன்னைக்கு அந்தப் பந்தை விட்டதுக்கு உங்ககிட்ட மன்னிப்பு கேக்கவே இல்ல. வருஷம் பூரா கத்திக் கத்தித் தொண்டை போனவங்க நீங்க. என் கையில விழுந்ததை நான் விட்டுட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சிருங்க." இடுப்பு வரை குனிந்தான். உச்சந்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது தெரிந்தது.

கஜிதானி சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டான். இனி என்ன சொன்னாலும் அது மரியாதைக்குச் சொல்கிற பதிலாகத்தான் போய் விழும். "நீ ஏன்... நான்தான்..." என்றார் கஜிதானி. நிஷிவாகி அதைப் பெரியவர்களின் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை குனிந்தான்.

"ஹோசூமி நல்லா ஆடுறான். போன வருஷம் என்னை உக்கார வெச்சப்போ பெஞ்சுலேர்ந்து பாத்திருக்கேன், நல்ல கால். அவனுக்குப் பாட்டு இல்லையாமே? என் பாட்டைக் குடுத்துடுங்க. சும்மா கிடக்கிறதுக்கு அவனாவது ஓடட்டும். என் ஆசைன்னு வெச்சுக்குங்க."

"நிஷி! பந்து!" என்று எதிரணிப் பெஞ்சிலிருந்து கத்தினார்கள்.

"வந்துட்டேன்!" கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஓடும்போது இரண்டு பந்துகள் துள்ளி விழுந்தன. நின்று பொறுக்கிக்கொண்டு மறுபடி ஓடினான். ஆட்டம் தொடங்கிய பிறகு பயிற்சிக்குப் பந்து போட்டவர்களுக்கு மைதானத்தில் இடமில்லை. சின்ன வண்டியில் ஏற்றி விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

கஜிதானி மேலே ஏறி வந்தபோது மிசுயே தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

"ஹோசூமிக்குப் பாட்டு" என்றார் அவர். "அதேதான். பேரை மட்டும் மாத்திக் கூட்டத்துக்குச் சொல்லிக் குடு."

"சொல்ல வேண்டியதை நிஷிவாகிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

கஜிதானி புட்டியின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். அது எப்போதோ மூடியிருந்தது.

மிசுயே அட்டையில் புதுப் பெயரை எழுதித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். மேடையில் கைதட்டல் எழுந்தது. ஹோசூமி அடிக்க வந்தபோது கஜிதானி டிரம்பெட்டைப் பக்கத்தில் நின்ற இன்னொருவனிடம் நீட்டினார். "நீ எடு" என்றார். அவன் எடுத்த எடுப்பு சுருதி சுத்தமாக இருந்தது. விழுந்தா என்ன, எழுந்து ஓடு என்று பல வருடப் பழக்கத்தில் வலது மேடை ஒரே குரலாக எழுந்தது. கடைசி வரிக்கு வந்தபோதுதான் இடித்தது. பழைய பெயருக்கென்று அளந்து தைத்த மெட்டு, புதுப் பெயருக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கூட்டம் சட்டென்று சமாளித்துக்கொண்டு ஹோ-சூ-மீ-ஈ என்று இழுத்து நிரப்பியது.

கஜிதானியும் எல்லோரோடும் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார். பெயர் வந்த இடத்தில் அவர் உதடுகள் மட்டும் எதையும் இழுக்கவில்லை; அவர் பாடிய பெயர் மெட்டுக்கு அளவாக இருந்தது.